ஒரு அசை அசைங்கண்ணே

எதிரே வைத்த டீ டம்ளரை எடுக்கும் முன் சுயம்புலிங்கம் விரல்நுனியால் அதைச் சற்றே தள்ளிப் பார்ப்பார். நகர்ந்ததும் பலகையிலிருந்து பிரிந்து அது டம்ளராகிவிடும். ஆட்களிடமும் அப்படித்தான். பண்ணைப்புரம் டீக்கடையில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடிவிட்டு, "அங்கன யாரு? ஒரு அசை அசைங்கண்ணே" என்பார். புது ஆட்கள் முறைப்பார்கள். பழகியவர்கள் கையை ஆட்டுவார்கள்.

பிறவியிலேயே இரு கண்ணிலும் புரை. 2004இல் மதுரையில் அதை எடுத்தபோது வயது இருபத்திரண்டு. கட்டு அவிழ்த்ததைக் கேட்டு ஊரே பார்க்க வந்தது. அவருக்கோ நிறங்கள் மொத்தமாக வந்து முகத்தில் அப்பின. எது சுவர், எது ஆள், எது நிழல் என்று பிரியவில்லை. அசைவது மட்டும்தான் தனியாகத் தெரிந்தது. "கண்ணுல குத்தமில்ல. பாக்குற நரம்பெல்லாம் சின்னப்பிள்ளையில மூளைக்குள்ள ஒண்ணோடொண்ணு கோத்துக்கிடணுமாம். எனக்கு வெளிச்சம் போகாமக் கெடந்த எடத்த வேற வேலைக்கு எடுத்துக்கிருச்சுன்னு டாக்டரு சொன்னாக" என்பார், அதையும் நடந்துகொண்டே.

இருப்புக்கொள்ளாத மனிதர். தேங்காய்க் களத்தில் கடப்பாரையில் மட்டை உரிக்கும்போதுதான் ஓரிடத்தில் நிற்பார். அப்போதும் கண்ணை மூடிக்கொள்வார். திறந்தால் கை தடுமாறும்.

பெண் பார்க்கப் போன வீட்டில் ஞானசெல்வி தலைகுனிந்து ஆடாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனை நேரம் தேடுவது? "பொண்ண ஒரு அசை அசையச் சொல்லுங்க" என்று கேட்டேவிட்டார். அவளுடைய அப்பா செல்வமணி கோபத்தில் எழுந்துவிட்டார். அடக்கமுடியாத சிரிப்பில் அவள் தோள் குலுங்கியது. "ஆங், தெரிஞ்சிருச்சு" என்றார் மாப்பிள்ளை.

மகள் பிறந்து ஒரு மாதத்தில், பிள்ளையின் கண்பாப்பாவில் மோர்த்துளி போல வெள்ளை இருப்பதைக் கண்டவள் ஞானசெல்விதான். சொன்ன நொடியில் சுயம்புலிங்கம் சட்டையைத் தேடினார்.

மாமனார் வாசலை மறித்தார். "பச்ச மண்ணுய்யா மாப்ள. நடக்கட்டும், பேசட்டும், பெறகு பாப்பம்."

"பெறகுன்னா என்னையப் போல ஆயிருவா மாமா. இந்நேரத்துக்கும் அவ மூளைக்குள்ள நரம்பு தப்பாக் கோத்துக்கிட்டு இருக்கும். நாம பேசிக்கிட்டு நிக்கிறோம்."

"கத்தி வச்சு ஏதும் ஆயிப்போச்சுன்னா?"

சுயம்புலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டார். ஞானசெல்வி அதற்குள் பிள்ளையைத் துண்டில் சுற்றியிருந்தாள். "வாங்க, பஸ் போயிரும்" என்றாள்.

ஒரு கண் முடிந்து மறு கண் முடியும்வரை மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவை அளந்துகொண்டிருந்தவரை நர்ஸ் அதட்டி உட்காரவைக்க வேண்டியிருந்தது.

இப்போது மகளுக்கு ஒன்பது மாதம். தலையைச் சுற்றி நாடா கட்டிய கனத்த கண்ணாடி. அவள் பிடுங்கிப் போடுவாள், இவர் மாட்டிவிடுவார், திரும்பப் பிடுங்குவாள். பார்வை எந்த அளவுக்கு வரும் என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை.

நேற்று மாலை அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்தில் உலாத்திக்கொண்டிருந்தார். சோற்றுத்தூக்கோடு வந்த ஞானசெல்வி என்ன நினைத்தாளோ, வேலிப்பக்கம் சத்தமில்லாமல் நின்றுகொண்டாள். பிள்ளை சட்டென்று உடம்பு முழுதும் முன்னால் சாய்ந்தது. இரண்டு கையையும் நீட்டி "ம்மா, ம்மா" என்றது.

சுயம்புலிங்கம் அந்தப் பக்கம் திரும்பினார். தென்னைகள், வெயில், நிழல், எல்லாம் அவருக்கு ஒரே பரப்பாகக் கிடந்தன. யார் என்று அவர் கேட்கவில்லை. பிள்ளையின் கை நீண்ட திசையில் நடக்கத் தொடங்கினார்.