ஆறு இல்லாமல் நான் வரைந்த ஊர்

எங்கள் ஊர்க் கொம்யூனின் ஒவ்வொரு சந்தும் எனக்கு அத்துப்படி. சும்மா சொன்னேன். காரைக்கால் பக்கத்திலிருக்கும் அந்தச் சின்ன ஊரிலிருந்து அம்மா இடுப்பில் உட்கார்ந்து சைகோனுக்குக் கப்பலேறியபோது எனக்கு மூன்று வயது. ஞாபகத்தில் நிற்பது ஒரு வாத்து மட்டும்தான். அதுகூடச் சைகோன் வாத்தாக இருக்கலாம்.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். ஜவுளிக்கடைக் காவல்காரன். கோயில் சாப்பாட்டுப் பந்தியில் காரைக்கால் ஆட்கள் பேசுவதைக் கேட்டு, ஒருத்தர் ஊர்க் குளம், இன்னொருத்தர் ஊர்ச் சுங்கச்சாவடி, வேறொருத்தர் ஊர்க் கள்ளுக்கடை என்று பொறுக்கிச் சேர்த்து எனக்கென்று ஒரு கொம்யூன் கட்டிவைத்திருந்தேன். வெள்ளைக்காரன் கொடி இறங்கிய நாளில் மேரி வாசலில், அதாவது கொம்யூன் ஆபீஸ் வாசலில், நின்று அழுததாகவும் சொல்வேன். அன்றைக்கு நான் இங்கே சைகோனை ஒட்டிய சோலோனில் நூடுல்ஸ் உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் நம்பியவன் என் அறைத் தோழன். அரிசிக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறவன். அவன் நிஜமாகவே அந்த ஊரில் வளர்ந்தவன். எப்போதாவது சந்தேகப்பட்டால், “நீ மேலத்தெரு மாப்ள, ஊர எங்க பாத்த?” என்பேன். அடங்கிவிடுவான்.

அவன் பெண்டாட்டி இங்கேயே பிறந்தவள். பிரெஞ்சுக் குடியுரிமைக் காகிதம் சரியாக இருந்ததால் மகளோடு பிரான்சில் மார்சேய்க்குப் போய்விட்டாள். இவன் பிறப்பை எழுதிய பக்கத்தை ஊரில் கறையான் தின்றுவிட்டது. அதே கொம்யூன்காரர் ஒருவர் சாட்சி சொன்னால் காகிதம் கிடைக்கும் என்றார்கள். பிரெஞ்சு கான்சல் ஆபீசுக்கு என்னைக் கூட்டிப்போனான்.

அங்கே குமாஸ்தா புதுச்சேரிக்காரர். எங்களைத் தனித்தனியாக உட்காரவைத்து, தோழன் வீட்டிலிருந்து மேரிக்குப் போகும் வழியை வரையச் சொன்னார். அவன் ஆறு போட்டு, அதன்மேல் மூங்கில் பாலமும் போட்டான். நான் குளம் போட்டேன், கள்ளுக்கடை போட்டேன், நட்டநடுவில் சுங்கச்சாவடி போட்டேன்.

“சாவடி எல்லையிலதானேய்யா இருக்கும்? ஊர் நடுவுல எப்படி வந்துச்சு?”

“வெள்ளத்துல அடிச்சிகிட்டு வந்துடுச்சுங்க.”

“ஆறே போடலியே, வெள்ளம் எங்கேருந்து வந்துச்சு?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு படங்களையும் சேர்த்துக் குண்டூசி குத்தினார்.

வெளியே மழை. தோழன் திட்டவே இல்லை.

“தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரொட்டிக்கடை அண்ணன கூட்டிட்டு வந்திருப்பேனே, மாப்ள.”

அந்த அண்ணனுக்கும் எங்கள் ஊர்தான். அவர் மறுவாரமே கப்பலேறிவிட்டார். இவனுக்குச் சாட்சி சொல்ல எங்கள் கொம்யூன்காரன் என்று இந்தச் சைகோனில் இனி நான் ஒருத்தன்தான்.

இன்று மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஆபீஸ் பெஞ்சில் தோழன் பக்கத்தில் உட்கார்ந்துதான் எழுத்துக்கூட்டி இதை எழுதுகிறேன். இப்போது ஆற்றைச் சரியாகப் போட்டால் இவன் சொல்லிக்கொடுத்தது தெரிந்துவிடும். போடாவிட்டால் இவன் அந்த ஊர்க்காரனே இல்லை என்றாகிவிடும். நான் புளுகன் என்று ஒத்துக்கொண்டால் சாட்சியே இல்லை. ராத்திரி அந்தப் பாலத்தைப் பற்றி இவன் ஒன்று சொன்னான். பாலத்துக்குக் கீழே சின்ன வயதில் இவனும் இவன் அக்காவும்—

“மாப்ள, எழுந்திரு. உன்ன மட்டும் உள்ள வரச் சொல்றாரு.”