முகாம் நிலத்துத் தண்ணீர்

ஆண்டு 1994 என்பதில் சந்தேகமில்லை. லண்டனுக்குள்ளேயே எட்மண்டனிலிருந்து வெம்பிளிக்கு நாங்கள் வீடு மாறிய வருடம் அது. மாதம்தான் உறுதியில்லை. மார்ச் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஆனால் அன்று அம்மா குளிர் கோட் போட்டிருக்கவில்லை. ஆகவே மே மாதமாகவும் இருக்கலாம்.

நகரின் மேற்கு ஓரத்தில் விமானப்படை முகாம் ஒன்றை மூடிவிட்டார்கள். நிலத்தைத் துப்புரவாக்கி, கவுன்சிலிடம் கொடுத்து, வீடுகள் கட்டப்போகிறார்கள். விரும்பியவர்கள் வந்து பார்க்கலாம் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டிருந்தது. அம்மா சனிக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொண்டு புறப்பட்டார். ஆங்கிலத்துக்கு நான்.

"உன்ரை அம்மா லண்டனிலை வீடு வாங்கப் போறா. எனக்கும் ஒரு மூலை ஒதுக்கச் சொல்லு பிள்ளை," என்றார் அப்பா. நான் நம்பிவிட்டேன். தம்பியோடு ஒரே கட்டிலில் படுத்த எனக்கு அதை நம்பவேண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்தில் அம்மாவின் ஊர் நான்கு வருடங்களுக்கு முன் இராணுவ விமானத்தளத்தின் வேலிக்குள் போய்விட்டது. வீடு நிற்கிறதா என்று சொல்லக்கூட ஆளில்லை. இது எனக்கும் தெரியும். பெருக்கல் வாய்ப்பாடு தெரிவதுபோலத் தெரியும்.

பஸ்ஸில் அம்மா இருக்கை மாறி மாறி உட்கார்ந்தார். இறங்கவேண்டிய தரிப்பு வருமுன்னே மணியை அடித்துவிட்டதால் மிச்சத் தூரம் நடந்தோம்.

முகாமின் பழைய உணவுக்கூடத்தில் அட்டையால் செய்த குட்டி வீடுகள் ஒரு மேசை நிறைய இருந்தன. நான் அங்கே ஓடப்போக, அம்மா கையைப் பிடித்து மறுபக்கம் இழுத்தார். அங்கே சேறு பிடித்த சப்பாத்தோடு இளம் பெண் பொறியியலாளர் ஒருவர், நிலத்தில் துளையிட்டு எடுத்த தண்ணீரைப் போத்தல்களில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா யாரையும் கேட்காமல் ஒரு மூடியைத் திறந்து மணந்து பார்த்தார். "மண்ணெண்ணெய்!"

விமான எண்ணெய்த் தாங்கிகள் பல காலமாகக் கசிந்தனவாம். மொழிபெயர்த்தேன்.

"எப்ப குடிக்கலாம் எண்டு கேள்."

"இஞ்ச ஒருத்தரும் குடிக்கமாட்டினமாம். பைப் தண்ணி வருமாம்."

"பைப் கதை வேண்டாம். கிணறு இருந்தா?"

எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டது. யாரோ செருமினார்கள்.

"அம்மா, வாங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும். நீ கேள்!"

பொறியியலாளர் யோசித்துத்தான் பதில் சொன்னார். கெட்ட மண்ணை அகற்றி, தண்ணீரை இறைத்து இறைத்துச் சோதிக்கவேண்டும். வருடக்கணக்காகலாம், ஆனால் சரிவரும். "அதற்கு முதலில் இராணுவம் வெளியே போயிருக்கவேண்டுமே," என்று சிரித்தார்.

அதையும் அப்படியே தமிழில் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. போத்தல் மூடியை இறுக்கினார். இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டே நின்றார்.

திரும்பும்போது எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. "யன்னல் உள்ள அறை எனக்கு. தம்பிக்குக் குடுக்கமாட்டன்."

"நீயே எடு," என்றார் அம்மா, வெளியே பார்த்தபடி. "போனவுடனை முதல் வேலை கிணறு இறைக்கிறது. அடிச் சேறு வரைக்கும் இறைக்கவேணும்."

லண்டன் வீட்டில் ஏது கிணறு என்று நான் சிரித்தேன். அம்மாவும் சிரித்தார். அதனால், இருவரும் ஒரே வீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டேன்.