மேலண்ணத்தில் இரண்டு மொழிகள்

தன் தங்கைக்கு டச்சும் பஷ்தோவும் தெரியும் என்று அண்ணன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். இரும்புச் சாமான் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கும்போதே சொல்வார். ஆணி வாங்க வந்தவர்கள் அதையும் ஆணியோடு பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

உண்மையில் அவளுக்கு அந்த இரண்டு மொழிகளிலும் பத்து வரை எண்ணத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அவற்றைப் பேசுகிறவரின் நாக்கு வாய்க்குள் எங்கெங்கே போய் இடிக்கிறது என்று கேட்டால் படம் வரைந்தே காட்டிவிடுவாள். அவள் தொழில் பல்செட் செய்வது.

பல் டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் அவளுடைய அறை. ஒரு ஜன்னல், ஒரு கைமோட்டார், மெழுகு உருக்குகிற சின்ன அடுப்பு, அலமாரி நிறைய பிளாஸ்டர் தாடைகள். கல்யாணத்துக்கு முன்பு பிளாஸ்டர் கலக்க வந்தவள், மகள் கல்லூரிக்குப் போகிற வயதிலும் அதே முக்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். முகங்கள் அவளுக்குச் சீக்கிரம் மறந்துவிடும், வாய்கள் மறக்காது. பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருப்பவர் டிக்கெட் கேட்டால் போதும், மேல் செட் கொஞ்சம் லூஸ் என்று மகளின் காதில் சொல்லிவிடுவாள்.

“அம்மா, அவங்க வாயையே பாக்காத. இறங்குற வரைக்கும் ஜன்னலைப் பாரு” என்பாள் மகள்.

செட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு வழி இருந்தது. அண்ணத்தில் ஒட்டுகிற தகட்டை ஈரம் போகத் துடைத்து, மேலே முகப்பவுடரை லேசாகத் தூவி, வாயில் மாட்டிப் பேசச் சொல்வாள். பிறகு கழற்றிப் பார்ப்பாள். நாக்கு பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும். வெள்ளை மீந்திருக்கிற இடத்துக்கு அந்தப் பேச்சில் வேலை இல்லை என்று அர்த்தம். அவரவர் தாய்மொழியில் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்வது அவளே வைத்துக்கொண்ட முறை. கூச்சப்படுகிறவர்கள்கூட எண்ணிவிடுவார்கள்.

அந்த இரண்டு மொழிக்காரர்களில் முதலில் வந்தவர் டச்சுக்காரர், கப்பல் எஞ்சினில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் கப்பல் பெரியவர். ஏற்கெனவே இரண்டு செட்டுகளை முகம் கழுவும் தொட்டியில் போட்டு உடைத்திருந்தார். அவர் எண்ணி முடித்ததும் அவள் தகட்டைப் பார்த்தாள். முன்பல்லுக்குப் பின்னால் பவுடர் சுத்தமாக அழிந்திருந்தது. தொண்டையிலிருந்து காறிக்கொண்டு வருகிற அவருடைய ஒலியோ தகடு முடிகிற இடத்துக்கும் பின்னால் நடந்தது. நடுவில் முழு வெள்ளை. வாசலிலும் கொல்லையிலும் கூட்டம், முற்றத்தில் ஆளே இல்லை. அதனால் நடுப்பகுதியைத் தைரியமாகக் கனமாக வைத்துக் கொடுத்தாள். கப்பல் பெரியவர் அந்த செட்டையும் தொட்டியில் போட்டார். தொட்டியில்தான் கீறல் விழுந்தது.

அடுத்து வந்தவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பஷ்தோ அவருடைய தாய்மொழி. லிஃப்டை அவர் ‘லிப்ட்’ என்றுதான் சொல்வார். ‘ஃப’ ஒலி தங்கள் ஊர்ப் பேச்சில் பெரும்பாலும் ‘ப’ ஆகிவிடும் என்றார். அவளுடைய அண்ணனும் அப்படித்தான் சொல்வார் என்பதால் அவளுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. அவர் எண்ணினார். இரண்டு, மூன்றுக்குக் கப்பல் பெரியவர் ‘த்வே, த்ரீ’ என்ற இடத்தில் இவர் ‘த்வா, த்ரே’ என்றார். பவுடரும் ஏறக்குறைய அதே இடத்தில் அழிந்தது.

“ரெண்டு பாஷையும் தூரத்து உறவும்மா. பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரே வீடு” என்றார் டாக்டர்.

“அப்ப பங்காளிங்க” என்றார் அன்றைக்குத் தகடு தேய்க்க எமரித்தாள் கொண்டுவந்திருந்த அண்ணன்.

பங்காளிகள்தானே என்று அவளும் அதே கனத்தில் தகடு செய்து கொடுத்தாள். பேச்சுக் கொஞ்சம் வழுக்கியது. புது செட் என்றால் யாருக்கும் அப்படித்தான், பழகிவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

சில வாரம் கழித்து லிஃப்ட்காரர் திரும்பி வந்தார். ஷேவ் செய்திருக்கவில்லை.

“பல்லு வலிக்குதா சார்?”

“பல்லு நல்லா இருக்கு தங்கச்சி. அம்மாதான் பேசமாத்தேங்குறாங்க.”

அவருடைய அம்மா இன்னொரு தேசத்தில் தம்பி வீட்டில் இருந்தார். கண் தெரியாது. வாரம் ஒருமுறை போனில் கேட்கிற குரல்தான் அவருக்கு மூத்த மகன்.

“புதுப் பல்லோத பேசினேன். யாரு நீ, எம்பையன் போன் உங்கித்த எப்படி வந்துச்சுன்னு கேக்குறாங்க. நான்தாம்மான்னேன். எம்பையன் இப்படிப் பேசமாத்தான், நீ வெளிநாத்துக்காரன், அவனை என்ன பன்னினேன்னு ஒரே அழுகை. இப்ப போனைக் கையிலயே வாங்குறதில்ல. சரியா சாப்பிதுறதும் இல்லையாம்.”

“செட்டைக் கழட்டிட்டுப் பேசிப் பாத்தீங்களா?”

“பாத்தேன். இது இன்னொருத்தன்னுத்தாங்க.”

அவள் சிரிக்கவில்லை. “வீடு சொல்லுங்க” என்றாள்.

“வீது.”

“தண்ணி.”

“தன்னி.”

அலமாரியில் இருந்த கப்பல் பெரியவரின் பிளாஸ்டர் தாடையை அவள் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அவருக்கு ‘வீது’, ‘தன்னி’தான் வரும். அவருக்கு நாக்கை மடக்கிப் பழக்கமில்லை. லிஃப்ட்காரருக்கு மடக்கத் தெரியும், மடக்கிய நாக்கு போய்ச் சேர இடமில்லை. பஷ்தோ வாய்க்கு அவள் டச்சுக் கூரை போட்டிருந்தாள். பெற்றவள் வெளிநாட்டான் என்று சொன்னதில் தப்பே இல்லை.

தகட்டில் பவுடரைத் தூவினாள். “எண்ண வேண்டாம் சார். அம்மாகிட்ட வாரா வாரம் என்ன சொல்வீங்களோ அதச் சொல்லுங்க.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதில் ‘டோடை’ என்ற சொல் இரண்டு மூன்று முறை வந்தது. வரவேண்டிய மாதிரி வரவில்லை. ரொட்டிக்கு அந்தப் பெயர், சாப்பாட்டுக்கும் அதே பெயர், அம்மா முதலில் கேட்பது அதைத்தான் என்றார். கழற்றிப் பார்த்தால் கனமாக வைத்த நடுப்பகுதியில், சரியாக அதன் மேட்டில், நாக்கு நுனி மோதி மோதி நகக்கண் அளவுக்குப் பவுடர் அழிந்திருந்தது. எண்ணும்போது எட்டிக்கூடப் பார்க்காத இடம்.

டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“தேய்ச்சா உடையும். தகட்டுக்கு நடுவுலதான் பலமே” என்றார் அவர்.

“தெரியும் சார். உடைஞ்சா ஒட்டித் தர்றேன்.”

“அவர்கிட்ட சொல்லிட்டுத் தேய். கொதிக்கக் கொதிக்க டீ குடிச்சிட்டுக் கெட்டியா எதையாவது கடிக்கிற வேலையெல்லாம் வேண்டாம்னு சொல்லு.”

கைமோட்டாரில் தேய்த்தாள், மாட்டினாள், சொல்லச் சொன்னாள், கழற்றினாள், மறுபடி தேய்த்தாள். அந்த இடத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் விரல் தெரிந்தது. இன்னும் மெலிய எமரித்தாள் வேண்டும் என்று அண்ணனுக்குப் போன் செய்தாள். கடையைப் பாதி சாத்திவிட்டு வந்தவர் தாளைக் கொடுத்துவிட்டுப் போகாமல் உட்கார்ந்துகொண்டார்.

“என் தங்கச்சிக்கு உங்க பாஷை நல்லா வரும். பேசிப் பாருங்க” என்றார் லிஃப்ட்காரரிடம்.

லிஃப்ட்காரர் மரியாதைக்காக அவளிடம் பஷ்தோவில் ஏதோ கேட்டார். அவள் தேய்ப்பதை நிறுத்தாமல் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினாள். அவர் தலையாட்டினார்.

“பாத்தீங்களா” என்றார் அண்ணன்.

கடைசியாக மாட்டியபோது லிஃப்ட்காரர், “வீடு” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “தண்ணி” என்றார். பிறகு போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டு, ஒலிபெருக்கியில் போட்டு, பிளாஸ்டர் தாடைகளுக்கு நடுவில் வைத்தார்.

அந்தப் பக்கம் கிழவி போனை வாங்க மாட்டேன் என்று சண்டை போடுவது மொழி தெரியாமலே புரிந்தது. தம்பி போனைக் காதருகே பிடித்திருக்க வேண்டும், மூச்சுச் சத்தம் கேட்டது. லிஃப்ட்காரர் மெதுவாகச் சொன்னார். ‘டோடை’ இந்த முறை மடங்கிப்போய் மேலே பட்டுத் தெறித்து வந்தது.

லிஃப்ட்காரர் இன்னொரு முறை சொன்னார்.

கிழவி ஆரம்பித்தார். திட்டு என்பது எந்த மொழியிலும் திட்டுதான். இத்தனை நாள் எங்கே போய்த் தொலைந்தாய், எவனிடம் போனைக் கொடுத்தாய் என்கிற மாதிரி மூச்சு விடாமல் திட்டினார். லிஃப்ட்காரர் இரண்டு கைகளாலும் போனைப் பிடித்துக்கொண்டு திட்டு வாங்கினார். அண்ணன் எழுந்து ஜன்னலைத் திறந்தார். அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “அம்மாவுக்கு முன்பல்லு இல்லையா சார்?”

“ஒரு பல்லும் இல்ல.”

“ம். ஸ எல்லாம் காத்தாப் போகுது. ட மட்டும் சுத்தம்.”

திட்டு ஓய்ந்ததும் லிஃப்ட்காரர் பல் கதையைச் சொன்னார். கிழவி ஏதோ கேட்டார். லிஃப்ட்காரர் போனை அவள் பக்கம் திருப்பினார். “பல்லு செஞ்ச பொண்ணு பக்கத்துல இருக்குதான்னு கேக்குறாங்க. நீங்க சாப்பிட்டீங்களான்னும் கேக்குறாங்க.”

அவளுக்குத் தெரிந்த எண்கள் எதுவும் இதற்கு உதவாது. கையிலிருந்த எமரித்தாளைக் கீழே வைத்தாள். “டோடை” என்றாள்.

கிழவி கொஞ்சம் யோசித்துவிட்டு மகனிடம் எதையோ நீளமாக விசாரித்தார். லிஃப்ட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“நீங்க எங்க ஊர்ல எந்தத் தெருன்னு கேக்குறாங்க.”

“இதத்தானே நான் இத்தனை நாளா சொல்லிட்டிருக்கேன்” என்றார் அண்ணன்.