பால்குடத்தன்று வராத இருமல்

எனக்கு வாய் நீளம். மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு கையுறைக் கம்பெனியில் என்னை லைன் லீடராகப் போட்டதே அதனால்தான் என்று நினைக்கிறேன்.

என் லைனில் ஓர் அக்கா இருந்தார். காய்ந்த ரப்பர் கையுறைகளை உதறி, சரிபார்த்து அடுக்குகிற வேலை. உதறும்போதெல்லாம் வெள்ளைப் பொடி பறக்கும். ஷிப்ட் முடிகையில் மாவு மில்லுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி எங்கள் புருவமெல்லாம் நரைத்திருக்கும். இரண்டாம் வருஷம் அக்காவுக்கு இருமல் பிடித்தது. மூச்சு விட்டால் நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. டாக்டர் சீட்டு வாங்கி வாரம் ஒருநாள் எம்.சி. லீவு போட ஆரம்பித்தார்.

"பொடி ஒத்துக்கலம்மா. வேற செக்சன்ல போடச் சொல்றியா? நீ சொன்னா சூப்பர்வைசர் கேப்பாருலா."

"எஸ்டேட்ல ரப்பர் பால் வாசத்துலயே பொறந்து வளந்தவங்க நாம. நமக்கு ரப்பர் ஒத்துக்கலையா? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றேன். லைனே சிரித்தது. அக்காவும் சிரிக்கப் பார்த்து இருமினார்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் பத்து நாள் லீவு எடுத்து விரதம் இருந்தார். நானும் பால்குடம் எடுத்தேன். சுடுகிற தார் ரோட்டில், தலையில் குடத்தோடு, எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். ஓர் இருமல் இல்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. சாமி நினைப்பை விட்டுவிட்டு அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். மத்தியானத்துக்குள் இருமல். அவரை மாற்றலாமா என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார்.

"லீவுல நல்லாத்தான் இருக்காங்க. வேலைக்கு வந்தா மட்டும்தான் இருமல். சும்மா நடிப்பு," என்றேன்.

அக்கா அங்கேயே இன்னும் இரண்டு வருஷம் பொடியை உதறினார். ஒருநாள் மூச்சுக்குத் தவித்து மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் காரில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் முதலில் கேட்டது, லீவு நாட்களில் இருமல் குறையுமா என்றுதான். வேலை இடத்துத் தூசியால் வரும் ஆஸ்துமாவுக்கு அதுவே பெரிய அடையாளமாம். ஆரம்பத்திலேயே விலகியிருந்தால் குணமாகியிருக்கக்கூடும், இனி முழுசாகப் போவது சந்தேகம் என்றார்.

இந்த வருஷத் திருவிழாவில் அக்கா பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் பால்குடம், கையில் மூச்சுக்கு இழுக்கும் பஃபர். பக்கத்தில் போய், சூப்பர்வைசரிடம் அன்று நான் சொன்னதை அப்படியே ஒப்புக்கொண்டேன்.

"தெரியும்மா. லைன்ல எல்லாருக்கும் தெரியும்," என்றார். கோபமே இல்லை. "டாக்டர் சொன்னதை நீ அப்பவே கண்டுபிடிச்சிட்ட."

பிறகு குடத்தை என் பக்கம் நகர்த்தினார். "என்னால நடக்க முடியல. இதை நீ எடுத்துட்டுப் போறியா?"

குனிந்தேன். தலையில் ஏற்றிவிட எழுந்தவர், பாதியில் மூச்சுக்காக நின்றார். அவர் மூச்சு திரும்பும்வரை குனிந்தபடியே காத்திருந்தேன்.