கண்ணாடி முட்டி

எங்கள் வைன் நல்ல வைன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்லப்போவது என்னைப் பற்றிய நல்ல செய்தி அல்ல.

நகரத்திலிருந்து கிழக்கே இரண்டு மணித்தியாலம் கார் ஓடினால், ஏரிக்கு அருகே என் மகளும் மருமகனும் சிறியதொரு முந்திரிகைத் தோட்டம் வைத்திருக்கிறார்கள். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்றுதான் சொல்வோம். கல்லு மண். குளிர் இறுக முதல் கொடிகளைத் தாழ்த்திக் கட்டி மண்ணால் மூடவேண்டும், வசந்தத்தில் திரும்பக் கிளறி எடுக்கவேண்டும். முதலாம் வருடம் இதைப் பார்த்த என் மனைவி, "உதென்ன, பயிர் செய்யிறதோ அடக்கம் செய்யிறதோ?" என்று கேட்டாள். பழைய தானியக் கொட்டில் ஒன்றைத் திருத்தித் தொட்டிகளையும் மரப் பீப்பாய்களையும் வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்தில் ஒரு நீண்ட மேசை. சனி ஞாயிறுகளில் ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் அதில்தான் சுவைத்துப் பார்த்து வாங்குவார்கள்.

இவ்வளவும் ஸ்காபரோவில், என் வீட்டுக் கராஜில் தொடங்கியது.

பக்கத்து வீட்டில் இருந்த இத்தாலியர் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போனார். போகும்போது, மரச் சட்டங்களால் செய்த பிழியும் பொறியையும், கழுத்து ஒடுங்கிய பெரிய கண்ணாடிப் பாத்திரங்களையும் எங்கள் வாசலில் இறக்கிவிட்டுப் போனார். பேஸ்மென்றில் வைக்கலாம் என்றேன். "அதுக்கு மேலதான் சாமி அறை. கராஜில வையுங்கோ" என்றாள் மனைவி. அப்படியே ஆயிற்று.

நானும் எதிர்வீட்டு நண்பரும் சேர்ந்துதான் வைன் செய்தோம். அவர் யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றவர். இங்கே பெயின்ற் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். நான் நில அளவையாளன். நகரசபையில் வரைபடங்களோடு காலம் கழித்தவன். எங்களுக்குள் முப்பது வருடங்களுக்கு மேலாக மச்சான், நீ, வாடா, போடா என்றுதான் பேச்சு. ஆனாலும் இங்கே அவரை 'அவர்' என்றே எழுதுகிறேன். 'அவன்' என்று எழுதுகிற உரிமையை நான்தான் தொலைத்தேன்.

முதல் வருடம் செய்தது காடியாகிவிட்டது. இரண்டு வீட்டுப் பெண்களும் அதை அச்சாறு போடப் பாவித்தார்கள். இரண்டு வருடத்துக்குக் கடையில் வினாகிரி வாங்கவில்லை. மறு வருடம் நண்பர் அளவு கருவிகளைக் கொண்டுவந்தார். பழச்சாற்றில் சீனி எவ்வளவு, புளிப்பு எவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செய்தோம். ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். கராஜிலிருந்து சத்தம் வந்தது.

"மச்சான், ஓடி வா! முட்டி பொங்குது!"

ஓடிப்போய்ப் பார்த்தால், கண்ணாடிப் பாத்திரத்தின் கழுத்தால் ஊதா நிற நுரை வழிந்து நிலமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு துவாயை வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார்.

"முட்டியோ? கனடாவில கண்ணாடியிலயும் முட்டி வந்திட்டுதோ?" என்றேன்.

பனையில் கள்ளுச் சீவுகிறவர்கள் பாளையில் கட்டுகிற சிறு மண்பானைதான் முட்டி. கள்ளு அதற்குள்தான் சொட்டும். ஊரில் அந்தச் சொல்லை எல்லோரும் அறிவார்கள். அதை யார் மீது எறிவது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

நிலத்தைத் துடைத்துவிட்டு இரண்டு பிளாஸ்ரிக் கதிரைகளில் இருந்தோம்.

"என்ர அப்பா சீவினவர். உனக்குத் தெரியும்தானே?"

"ஓம், தெரியும்."

"பள்ளிக்கூடத்தில எனக்கு அதுதான் பேர். முட்டி. முட்டி வாறான், முட்டி போறான். வாத்திமாரும் அப்பிடித்தான் கூப்பிட்டவை."

"வாத்திமாருமோ?"

"கெமிஸ்ரி வாத்தி மட்டும் கூப்பிடேல்ல. அதாலதான் நான் கெமிஸ்ரி படிச்சனான்." அவர் சிரித்தார். நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் இருந்தேன். "சிரியடா. இந்தக் கராஜுக்குள்ள அந்தச் சொல் என்ர. இதுக்குள்ள நீயும் சொல்லலாம்."

அன்றிலிருந்து அந்தக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு முட்டி என்றே பெயர். முட்டி கழுவியாச்சோ, இந்த முட்டி இன்னும் அடங்கேல்ல, அந்த முட்டி சரிவராது. அவருடைய மகனும் என் மகளும் எங்கள் கால்களுக்குள் விளையாடி இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் வளர்ந்தார்கள். பின்னாளில் அவர்கள் இருவரும் கல்யாணம் செய்யப்போகிறோம் என்று வந்து நின்றபோது, என் சொந்தக்காரர் சிலர் முகத்தைச் சுளித்தார்கள். நான் அசையவில்லை. மண்டபம் எடுத்து, எல்லோரையும் அழைத்து, நிமிர்ந்து நின்று செய்துவைத்தேன். நான் சாதி பார்க்காதவன் என்று எனக்கு நானே ஒரு பட்டம் கொடுத்திருந்தேன். அந்தப் பட்டத்தை நம்பியதாலோ என்னவோ, என் வாய்க்குக் காவல் வைக்கவில்லை.

தோட்டத்துக் கொட்டிலைத் திறந்த நாளன்று நல்ல வெயில். உறவினர், நண்பர்கள், பிள்ளைகளோடு படித்தவர்கள் என்று கூட்டம். நான் கையில் கிளாசோடு, முதலாளி மாதிரி எல்லோரிடமும் போய்க் கதைத்துக்கொண்டு திரிந்தேன். என் பெரியம்மாவின் மகன், எனக்கு அண்ணன் முறையானவர், றிச்மண்ட் ஹில்லிலிருந்து வந்திருந்தார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். சின்ன வயதிலிருந்து அவர் முன்னால் நான் கொஞ்சம் குறுகித்தான் நிற்பேன்.

அவர் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "தம்பி, படிச்சுப் பட்டம் வாங்கி, கடைசியில தவறணை திறந்திட்டாய்!"

தவறணை என்றால் கள்ளு விற்கிற இடம். ஊர்க்காரர் எல்லோரும் சிரித்தார்கள். சாதாரண பகிடிதான். நானும் சிரித்துவிட்டு, "ஓமண்ணை, உங்களுக்கும் ஓலைப் பிளாவில ஊத்தட்டோ?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கணத்தில் எனக்குக் கூச்சம் வந்தது. என் மேல் ஒட்டிய எதையோ தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டி நண்பர் மேல் போட்டேன்.

"எனக்கென்ன அண்ணை தெரியும்? முட்டி கட்டின பரம்பரை அங்க நிக்குது. அவரைக் கேளுங்கோ."

இந்தமுறை சிரிப்பு இன்னும் பெரிதாக வந்தது. இளம் ஆட்கள் ஒன்றும் விளங்காமலே கூடச் சிரித்தார்கள். நண்பர் எனக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், போத்தலோடு நின்றார்.

அவர் முன்னால் வந்தார். முதலில் அண்ணருடைய கிளாசில் ஊற்றினார். "குடிச்சுப் பாருங்கோ. கண்ணாடிப் போத்தில்தான். பயப்பிடாதேங்கோ." பிறகு என்னிடம் திரும்பினார்.

"உங்களுக்கு ஊத்தட்டோ?"

உங்களுக்கு. அவ்வளவுதான். சண்டை இல்லை, முகக் கோணல் இல்லை. நான் கிளாசை நீட்டினேன். அவர் அளவாக ஊற்றினார்.

அதற்குப் பிறகும் அவர் தோட்டத்துக்கு வராமல் விட்டதில்லை. மகனுடைய தோட்டம், மகனுடைய பிழைப்பு. பழம் பறிக்கும் காலம் முழுவதும் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். "உந்த வாளியை ஒருக்கா எடுத்துத் தாறீங்களோ?" என்பார். "நீங்கள் களைச்சுப் போனீங்கள், இருங்கோ" என்பார். நான் மச்சான் என்று கூப்பிட்டால், "சொல்லுங்கோ" என்பார். கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் ஒருநாளும் வராத 'சம்பந்தி' என்ற சொல்லும் வந்தது. காரில் திரும்பி வரும்போது என் மனைவி சந்தோசமாகச் சொன்னாள்: "சம்பந்தி இப்ப உங்களோட நல்ல மரியாதையாக் கதைக்கிறார். முந்தி அடா புடா எண்டு, எனக்கெண்டால் பிடிக்கிறேல்ல." நான் ஹைவேயைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அந்த மரியாதை என்னவென்று அவளுக்குச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாய் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "இப்ப வேலையைப் பார்ப்பமே" என்று விலகிவிடுவார். உண்மையைச் சொன்னால், அவர் விலகியது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன குளிர்காலத்தில் மகள் புதிய சிவப்பு வைன் ஒன்றுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுக் குசினி மேசையில் லேபிள் படங்களைப் பரப்பினாள். எல்லாவற்றிலும் ஒரே பெயர்.

"முட்டி. சிம்பிள் அப்பா. எல்லாரும் ஈசியாச் சொல்லுவினம். நீங்கள் ரெண்டு பேரும் கராஜில அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

"வேண்டாம்."

"வை? ஏன்?"

"வேண்டாமெண்டால் விடு பிள்ளை."

"அப்பா, காரணம் சொல்லுங்கோ. இது எங்கட ஸ்ரோறி."

காரணம் சொல்வதென்றால் அவர் கராஜுக்குள் சொன்னதைத் திரும்பவும் வெளியே எடுக்கவேண்டும். சொல்லாவிட்டால் அவருடைய காயத்தைப் போத்தலில் ஒட்டி விற்பார்கள். மருமகன், "அப்பாட்டக் கேட்பம், ஹி வில் லவ் இற்" என்றான். அவனுக்கும் தெரியாது. பாட்டனார் பனையேறியவர் என்பதை அறிவான். தகப்பனைப் பள்ளிக்கூடத்தில் என்னவென்று கூப்பிட்டார்கள் என்பதை அறியான்.

"நான் கேக்கிறன்" என்றேன்.

வீதியைக் கடந்து போனேன். அவர் கராஜ் வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றார்.

"வாங்கோ."

"மச்சான், ஒரு விசயம் கதைக்கோணும். வேலையைப் பார்ப்பம் எண்டு சொல்லாத."

அவர் பனி வழிக்கும் சவலை நிலத்தில் ஊன்றி நின்றார். நான் சொன்னேன்: "அண்டைக்கு நான் சொன்னது பகிடி இல்லை."

"பகிடி எண்டுதானே எல்லாரும் சிரிச்சவை."

"பகிடி இல்லை. எனக்கு வெக்கம் வந்தது. அண்ணையிட்ட இருந்து நான் தப்பிறதுக்கு உன்னைப் பிடிச்சுக் குடுத்தனான். நீ என்னை நம்பிச் சொன்ன சொல்லை எடுத்துத்தான் குடுத்தனான். என்னை மன்னி."

அவர் கொஞ்சம் பனியை வழித்தார். தேவையில்லாத இடத்தில் வழித்தார்.

"ஒண்டு கேக்கட்டோ? எங்கட கராஜ் வைன் நல்லா வந்தது ஏன்?"

"நீ அளந்து செய்தபடியால்."

"ஓம். நாலு வருசம் கம்பஸில படிச்சபடியால். அப்பாவுக்கு நான் படிக்கோணும். பாளையில கை வைக்க ஒருநாளும் என்னை விடேல்ல. எனக்குச் சீவத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எனக்கு வெக்கம் இல்லை. ஆனா நீங்கள் எனக்குத் தெரிஞ்சதை விட்டிட்டு, தெரியாததைச் சொல்லி எனக்குப் பேர் வைச்சீங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டீங்கள்."

லேபிளைப் பற்றிச் சொன்னேன். அவர் சவலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டார்.

"பிள்ளைக்கு அது வெறும் கண்ணாடிப் போத்தில், என்ன?"

"ஓம். உன்ர வாயில கேட்டுப் பழகின சொல்."

"அப்ப போடச் சொல்லுங்கோ. அவள் நல்லதா நினைச்சிருக்கிறாள், அது அவளோட இருக்கட்டும். ஆனா முட்டி எண்டால் என்னெண்டு வாற ஆக்கள் கேப்பினம். நீங்கள்தான் சொல்லோணும். என்ர அப்பாவின்ர தொழில் எண்டு சொல்லோணும். சிரிக்காமல். உங்கட அண்ணையிட்ட முதல்."

அன்று மாலையே மகளுக்கும் மருமகனுக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். என் மகள் என்னை அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மருமகன் எழும்பித் தகப்பன் வீட்டுக்குப் போனான்.

வசந்தத்தில் கொடிகளைக் கிளறி எடுத்த பிறகு அண்ணரை வரச் சொன்னேன். மேசையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். நண்பர் ஓரமாகக் கிளாசுகளைத் துடைத்துக்கொண்டு நின்றார். அண்ணர் போத்தலைத் தூக்கிப் பெயரை வாசித்துவிட்டுச் சிரிக்க வாய் எடுத்தார்.

"அண்ணை, சிரிக்க முதல் கேளுங்கோ. இது சம்பந்தியின்ர அப்பா பனையில கட்டின முட்டி. அந்தத் தொழிலாலதான் மகனைக் கெமிஸ்ரி படிப்பிச்சவர். அந்தப் படிப்பாலதான் இந்த வைன். அண்டைக்கு நான் அதை நக்கலாச் சொன்னனான். நீங்கள் என்னைத் தவறணைக்காரன் எண்ட உடன, அவரைக் காட்டித் தப்பினனான். பிழை என்ர."

"உதையெல்லாம் ஏன் தம்பி இப்ப கிளறுறாய்?" என்றார் அண்ணர்.

"அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலதானே சொன்னனான்."

அவர் கிளாசை எடுத்து ஒரு மிடறு குடித்தார். இன்னொரு மிடறு குடித்தார். நண்பரின் பக்கம் பார்க்காமல், "நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லா இல்லாமல் என்ன" என்றார் நண்பர், கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

அண்ணர் போன பிறகு, நான் செய்தது போதுமா என்பது போல அவரைப் பார்த்தேன். "இன்னும் கன ஆக்கள் வருவினம்" என்றார். அது உண்மைதான். ஒவ்வொரு சனி ஞாயிறும் அந்த மேசையில் நின்று சொல்கிறேன். தமிழருக்கும் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்வது இலகு. அவர்களுக்கு அது ஒரு நல்ல கதை. எங்கள் ஆட்களுக்குச் சொல்லும்போதுதான் ஒவ்வொரு முறையும் நாக்கு ஒருமுறை பின்னுக்குப் போய் வருகிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன். வைனும் நன்றாக விற்கிறது.

போன கிழமை, தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு வைன் மாற்றிக்கொண்டிருந்தோம். அவர் வைன் இறைக்கும் பம்பியடியில் நின்றார், நான் பீப்பாய் வாயில் குழாயோடு நின்றேன். குழாய் திடீரென்று துள்ளி வெளியே வந்து என் சேர்ட்டெல்லாம் சிவப்பாக அடித்தது.

"பிடியடா!" என்று கத்தினார் அவர். உடனே குரலைத் தாழ்த்தி, "பிடியுங்கோ" என்றார்.

இரண்டாவதைக் கேட்காதவன் போலக் குழாயைப் பிடித்துக்கொண்டேன்.