கத்தாத பேனாவை நம்பாதீர்கள்

மின்சாமான் கடையில் உட்கார்ந்து பாருங்கள், ஊரில் யார் வீட்டில் எது ஷாக் அடிக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும். ஃப்ரிட்ஜ் கதவு, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், குளியலறைக் குழாய் என்று வரிசையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில், லேசாகத்தான் அடிக்கிறது என்று நமக்கே சமாதானமும் சொல்வார்கள். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று லேசாக அடித்துக்கொண்டுதான் இருக்கும். மறைக்க வேண்டாம், நாமெல்லாம் ஒரே கட்சி.

செங்கல்பட்டில் எங்கள் கடையைத் தொண்ணூறுகளில் போட்டோம். கல்லாவில் நான். வயரிங் வேலைக்கு வெளியே போவது என் வீட்டுக்காரர் தேவராஜ். நல்ல வேலைக்காரர், ஆனால் ஒரு கெட்ட பழக்கம். லைனில் கரண்ட் இருக்கிறதா என்று புறங்கையால் தட்டிப் பார்ப்பார். உள்ளங்கையால் தொட்டால் கை மூடிக்கொண்டு வயரைப் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் தானே உதறிக்கொள்ளும் என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம். அவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை நான் கல்லாவிலிருந்து தெருவையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் சென்னை மொத்தக் கடையிலிருந்து அந்தப் பேனா வந்தது. தடித்த பேனா மாதிரி இருக்கும், உள்ளே சின்ன பேட்டரி. பழைய டெஸ்டர் போலச் செம்புக் கம்பியைத் தொட வேண்டியதில்லை. வயரின் மேலுறைக்குப் பக்கத்தில் மூக்கைக் காட்டினால் போதும், கரண்ட் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், பீப் பீப் என்று கத்தும். எனக்குக் குலதெய்வமே வந்ததுபோல் இருந்தது. முதல் பேனாவை அவர் சட்டைப் பையில் நானே சொருகினேன். அவர் அதைப் பையிலேயே வைத்துக்கொண்டு, புறங்கையால் தட்டுவதைத் தொடர்ந்தார்.

எதற்கெடுத்தாலும் கத்துவது

கடற்கரைப் பக்கத்து நகரியத்திலிருந்து ஒரு திருநெல்வேலிக்காரர் வருவார். ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. எதை வாங்கினாலும் இருப்பதிலேயே கூர்மையானதைக் கேட்பார். பேனாவிலும் அப்படித்தான். ரொம்பக் குறைந்த கரண்டையும் கண்டுபிடிக்கும் ஒரு ரகம் இருந்தது. வீட்டுக்கு அது வேண்டாம், வீட்டுக் கரண்டுக்கு என்று அளவு போட்டிருப்பதே போதும், விளக்கும் சத்தமும் இரண்டும் இருக்கிறதா, மேல்கூட்டில் விரிசல் இல்லையா என்று மட்டும் பாருங்கள் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு, கூர்மையானதையே எடுத்துப் போனார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, திரும்பி வந்தார். ஒரு வயரைப் பார்க்கப் போனால் பக்கத்து வயருக்குக் கத்துகிறதாம். சுவருக்குக் கத்துகிறதாம். பாலியெஸ்டர் சட்டையில் தேய்த்தால் அதற்கும் கத்துகிறதாம். உரசலில் வரும் மின்சாரத்தையும் அது கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்று விளக்கி, வேறு ரகம் மாற்றிக் கொடுத்தேன். போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "என் வீட்டுக்காரி நைலக்ஸ் சேலையில வந்து நின்னாலும் கத்துதுல்லா. நான் இப்போ எதுக்குப் பயப்படணும், கரண்டுக்கா, அவளுக்கா?"

ஆஃப் பண்ணியது எதை?

சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் தொழிற்சாலையில் வேலை செய்யும் செல்வி, பேனா கெட்டுவிட்டது என்று வந்தாள். சமையலறை பல்பை மாற்றப் போயிருக்கிறாள். சுவிட்சை ஆஃப் பண்ணிவிட்டு, நான் சொன்னபடி ஹோல்டரிடம் பேனாவைக் காட்டினால் அது விடாமல் கத்தியிருக்கிறது. விளக்கு எரியவில்லை, அப்புறம் எதற்குக் கத்த வேண்டும் என்பது அவள் கேள்வி. நியாயம்தான். அந்தப் பேனாவைக் கடைச் சுவிட்ச்போர்டில் காட்டினேன், ஒழுங்காகக் கத்தியது, தள்ளி எடுத்தால் ஒழுங்காக நின்றது.

வீட்டுக்காரர் போய்ப் பார்த்தார். வீடு கட்டினவர்கள் சுவிட்சை, கரண்ட் வருகிற லைன் வயரில் போடாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் போட்டிருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டர்வரை கரண்ட் வந்து உட்கார்ந்திருக்கும். அவள் அத்தனை நாளும் ஈரத் துணியால் அந்த ஹோல்டரைத் துடைத்தவள். வயரை மாற்றிக் கொடுத்தபிறகு சுவிட்சை இரண்டு முறை போட்டு அணைத்துப் பார்த்தாளாம். பிறகு கேட்டாளாம்: "அப்ப இத்தினி நாளா நான் ஆஃப் பண்ணது வெளிச்சத்தத்தான், கரண்ட இல்லியா?"

படகில் ஊமை

கடப்பாக்கத்திலிருந்து ஏழுமலை என்று ஒரு மீனவர் வலைக்கு ஈயம் வாங்கச் செங்கல்பட்டு வந்த இடத்தில் பேனாவையும் வாங்கிப் போனார். வீட்டில் நன்றாக வேலை செய்தது. அந்தத் தெம்பில் படகுக்கும் கொண்டுபோய், பேட்டரி வயரில் காட்டியிருக்கிறார். சத்தமே இல்லை. கரண்ட் இல்லை என்று நினைத்து ஸ்பானரைப் போட்டதும் பொறி பறந்து, புருவம் கொஞ்சம் கருகிவிட்டது. கண் தப்பியது பெரிய விஷயம்.

நான் அவருக்கு நிதானமாகச் சொன்னேன். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற கரண்ட் வேறு, பேட்டரி கரண்ட் வேறு. பேட்டரி கரண்டைப் பார்த்து இந்தப் பேனா வாயைத் திறக்காது. இரும்புக் குழாய்க்குள் ஓடும் வயரைக் காட்டினாலும் திறக்காது. ஏழுமலை பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாக்கா இது, கரண்ட்டுலயும் சாதி பாக்குது?"

போகாத கரண்ட்

ரெண்டாயிரத்துக்குப் பிறகு சிறுசேரி கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள் எங்கள் பக்கம் வீடு வாங்க ஆரம்பித்தார்கள். பவர் கட் காலம், வீட்டுக்கு வீடு இன்வெர்ட்டர். அப்படி ஒரு பையன், கல்யாணமான புதிது, ஃபேன் மாட்டுவதற்காக மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு ஏணியில் ஏறியிருக்கிறான். பேனா கத்துகிறது. இறங்கி மெயினைப் பார்த்தால் இறங்கித்தான் இருக்கிறது. மறுபடி ஏறினால் மறுபடி கத்துகிறது. கடைக்கு போன் செய்து, பேய் வீடு வாங்கிவிட்டேனா என்று கேட்கிற தொனியில் விஷயத்தைச் சொன்னான்.

மூலையில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். இருந்தது. மெயின் இறங்கியதும் அது, கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, தன் கடமையைச் செய்துகொண்டிருக்கிறது. அதை ஆஃப் பண்ணி, யாரும் திரும்பப் போட்டுவிடக் கூடாது என்று வீட்டு ஆளிடம் சொல்லி வைத்துவிட்டு, திரும்பவும் பேனாவால் பார்த்துவிட்டுத் தொடு என்றேன். சிரிப்பு அடங்கியபிறகு அவன் சொன்னான்: "எங்க வீட்ல கரண்ட் போகவே போகாதுன்னு எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சேன் ஆன்ட்டி. இப்ப போகச் சொன்னாலும் போக மாட்டேங்குது."

சந்தனம்

ஊருக்கெல்லாம் இப்படிச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் வீட்டில் சொல் எடுபடவில்லை. பேனாவைப் பையில் வைத்திருப்பது எனக்காக, புறங்கை தனக்காக என்று தேவராஜ் பாகம் பிரித்து வைத்திருந்தார். சண்டை போட்டேன், சாப்பாடு போடாமல் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஆயுத பூஜை அவருக்குப் பெரிய நாள். கட்டிங் பிளேயர், டிரில்லிங் மிஷின், ஏணி, ஷட்டர் என்று ஒன்று விடாமல் கழுவித் துடைத்துச் சந்தனம் அப்பி, குங்குமம் வைப்பார். அந்த வருஷம் பேனாவுக்கும் வைத்தார். கை தாராளம். மறுநாள் விஜயதசமி, படையலிலிருந்து சாமான்களை எடுத்த கையோடு மாமல்லபுரத்தில் ஒரு விருந்தினர் விடுதியிலிருந்து அழைப்பு, மோட்டார் ஓடவில்லை என்று. கடை அரைநாள்தான், நானும் கூடப் போனேன்.

தோப்புக்குள் மோட்டார் பெட்டி. முதல் நாள் பெய்த மழையில் மணல் ஈரம். காவல்காரர் விடுதிக்குள் போய் மெயினை இறக்கிவிட்டு வந்தார். நான் நிற்கிறேன் என்பதால் என் வீட்டுக்காரர் பேனாவை எடுத்து, எனக்குத் தெரிகிற மாதிரி வயரிடம் காட்டினார். சத்தம் இல்லை, வெளிச்சம் இல்லை. "லைன் செத்துக் கீது, பாத்துக்க" என்று சொல்லிக் கையை நீட்டினார். ஈர மணலில் வெறுங்காலோடு நின்றிருந்தார். அந்தக் கையை நான் பிடித்து இழுத்தேன். முதலில் கரண்ட் இருக்கிற இடத்தில் இந்தப் பேனா கத்துகிறதா என்று பார்த்துவிட்டு வா, அதற்கப்புறம் தொடு என்றேன். காவல்காரர் சிரித்தார். அவர் எதிரில் பெண்டாட்டியிடம் வாக்குவாதம் வேண்டாம் என்றுதான் வீட்டுக்காரர் போனாரே தவிர, என் பேச்சை மதித்து அல்ல.

மோட்டார் பெட்டிக்குப் பக்கத்தில் காவல்காரரின் அறை. அங்கே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மெயினை இறக்கியபிறகும் பாடுகிறதே என்று அப்போதுதான் எங்கள் மூன்று பேருக்கும் உறைத்தது. ரேடியோ வயரிடம் பேனாவைக் காட்டினார். அங்கேயும் ஊமை. திருப்பிப் பார்த்தால், சத்தம் வருகிற துளையில் சந்தனம் இறுகிக் காய்ந்திருக்கிறது, விளக்கின்மேல் குங்குமம் தடிப்பாக அப்பியிருக்கிறது. ஊசியால் குத்தி, லுங்கி முனையால் துடைத்தார். ரேடியோவிடம் கத்தியது. மோட்டார் பெட்டிக்கு வந்தோம், அங்கேயும் கத்தியது. மோட்டாருக்கும் காவல் அறைக்கும் சேர்த்துத் தனி மீட்டர், தனி மெயின். இறக்கியது விடுதியின் மெயினை.

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. அவர் தன் புறங்கையையே பார்த்துக்கொண்டு தென்னை அடியில் உட்கார்ந்துவிட்டார். சரியான மெயினை இறக்கி, ரேடியோ நின்றதைப் பார்த்து, பேனா இன்னும் கத்துகிறதா என்று தெரிந்துகொள்ள, அதை நான் கொண்டுவந்திருந்த எமர்ஜென்சி லைட்டிடம் காட்டலாமா என்று கேட்டார். அது பேட்டரி, ஏழுமலையின் கதைதான் நடக்கும் என்றேன். விடுதிக்குள் போய், அதன் மெயினை ஏற்றி, ஒரு ப்ளக்கில் கத்த வைத்துக் காட்டி, மோட்டார் வயரில் பார்த்து, திரும்பவும் ப்ளக்கில் கத்த வைத்துக் காட்டினார். அப்புறம்தான் தொட்டார். அன்றோடு புறங்கை விஞ்ஞானம் முடிந்தது. திரும்பி வருகிற பேருந்தில் பேனாவின் துளையை மறுபடி ஊதிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சாமிக்கு வெச்சது தப்பில்லமே. அதும் வாய அடைச்சேன் பாரு, அதான் தப்பு."

இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது, பேனாவானாலும் பெண்டாட்டியானாலும் கத்துகிறவரை உங்களுக்கு ஆபத்தில்லை, சத்தம் நின்றால்தான் என்ன ஆயிற்று என்று உடனே போய்ப் பார்க்க வேண்டும்.