அண்ணனுக்கு ஒத்தக்கை ராடு வாங்குன கதை

துப்பாக்கிக் கடைக்குள்ள நுழைஞ்சா ஒரு வாசம் வரும் பாருங்க... எண்ணெய், வார்னிஷ், பழைய தோலு எல்லாம் கலந்து. சேலத்துல அப்படி ஒரு கடையிலதான் மீன் புடிக்கற ராடும் வித்தாங்க. நானும் ஸ்டெல்லா அண்ணியும் ரெண்டு பொம்பளைங்களா உள்ள போயி நின்னப்ப, கடைக்காரரு வழி கேக்க வந்தவங்கன்னு நெனச்சுட்டாரு.

எண்பத்தஞ்சோ எண்பத்தாறோ... சரியா ஞாபகமில்ல.

எதுக்குப் போனோம்னு சொல்லிடறேன். எங்க அண்ணன் மலை மேல தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல பல்ப்பர் மெஷின் பாத்துட்டிருந்தாரு. காப்பிப் பழத்துத் தோல உரிக்கற மெஷின். ஒரு சீசன்ல இடது கை அதுக்குள்ள போயிடுச்சு. கட்டவெரலு மட்டும் மிச்சம்.

அதுக்கப்பறம் எஸ்டேட் கேட்டுல வாட்ச்மேன் வேல குடுத்தாங்க. வேலைக்குப் போவாரு, ஊட்டுக்கு வருவாரு, செவத்தப் பாத்து உக்காந்துக்குவாரு. சர்ச்சுக்கும் வர்றதில்ல. அண்ணிகிட்ட "தண்ணி குடு", "சோறு போடு"... அதுக்கு மேல ஒரு வார்த்த கெடையாது. கல்யாணமாயி ரெண்டு வருசங்கூட முடியல.

"ஒரு நாளாவது என்னைய நிமுந்து பாத்துப் பேசமாட்டாரான்னு இருக்குது கண்ணு"ன்னு அண்ணி எங்கிட்ட அழுதாங்க.

முன்னாடியெல்லாம் ஞாயித்துக்கெழமைன்னா எஸ்டேட் கொளத்தோரம்தான் கெடப்பாரு, மூங்கில் தூண்டியோட. அத ஒத்தக்கையில தூக்க முடியாது. புழு கோக்கவும் முடியாது. லேசா ஒரு ராடு வாங்கிக் குடுத்தா மனுசன் வெளிய வருவாருன்னு எங்க கணக்கு. நான் அப்ப எஸ்டேட் ஆபீஸ்ல டைப்பிஸ்ட். போனஸ் வந்திருந்துச்சு.

எங்க ரெண்டு பேருக்கும் மீனக் கொழம்புல பாத்துத்தான் பழக்கம். ராடு எப்படிப் பாத்து வாங்கறதுன்னு யாருக்குத் தெரியும்?

கடைக்காரரு மூணு எடுத்து வெச்சாரு. ஒண்ணு வெலை கம்மி, கைப்பிடியே ஆடுச்சு. ஒண்ணு சீமைச் சரக்கு, பெட்டியத் தெறந்து காட்டிட்டு அவரே மூடிட்டாரு. நடுவுல ஒண்ணு... மலையில இருந்த ஒரு தொரை வித்துட்டுப் போனது. பிளை ராடாம். புழு வேண்டாம், இறகுல கட்டுன பொய்ப் பூச்சிதான் முள்ளுல இருக்கும்.

அண்ணி என்ன பண்ணாங்க தெரியுமா... இடது கைய முந்தானைக்குள்ள சுத்தி இறுக்கிட்டு, ஒவ்வொரு ராடா வலது கையில மட்டும் தூக்கிப் பாத்தாங்க. கடைக்காரரு முழிச்சாரு.

"எங்க ஊட்டுக்காரருக்குங்க. ஒத்தக்கைதானுங்க."

"அப்ப கண்ண மூடிட்டு இத எடுங்கம்மா. இது ஒத்தக்கை ராடுதான். தொரைமாரு ஒரு கையிலதான் வீசுவாங்க."

தூக்கறதுக்கு நொம்ப லேசு. ரெண்டாக் கழட்டிப் பையில போட்டா பஸ்ஸுலயும் இடிக்காது. வாங்கிட்டோம். வளைவு வளைவா பஸ்ஸு ஏறி வர்ற வரைக்கும் அண்ணி அத மடியிலயேதான் வெச்சிருந்தாங்க.

அண்ணன் பாத்தாரு. மறுபடி செவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு. ஆனா அந்த ஞாயித்துக்கெழம கைய துண்டுக்குள்ள மறச்சுக்கிட்டு கொளத்துக்கு வந்தாரு. பின்னாடியே நாங்களும்.

வீசறது ஒரு கையிலதான். கடைக்காரரு சொன்னது நெசம். ஆனா வீசுனதுக்கு அப்பறம் நூல இன்னொரு கையால கொஞ்சம் கொஞ்சமா இழுத்துட்டே இருக்கணும்... அத அவரும் சொல்லல, எங்களுக்கும் கேக்கத் தெரியல. முந்தானைய சுத்தித் தூக்கிப் பாத்தமே தவிர, இழுத்துப் பாக்கலியே.

அண்ணன் கட்டவெரல்ல நூலச் சுத்திப் பாத்தாரு. வழுக்குச்சு. பல்லுல கடிச்சு இழுத்தாரு. அப்பறம் ராடப் புல்லுல வீசிட்டாரு.

"ரெண்டு கை இருக்கறவனுக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க."

போச்சு, இனி இந்த மனுசன் ஊட்டுல மொடங்கிடுவாருன்னே நெனச்சேன்.

அண்ணி ராட எடுத்து அவரு வலது கையில குடுத்தாங்க. அவரு இடது பக்கம் ஒட்டி நின்னு நூலக் கையில புடிச்சாங்க.

"நீங்க வீசுங்க. நான் இழுக்கறனுங்க."

"ஒனக்கு என்னடி தெரியும்?"

"சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்."

அன்னிக்கு ஒரு மீனும் வரல. நூலு சிக்கு விழுந்ததுதான் மிச்சம். "மெதுவா இழு... இப்ப விடு... அட விடுன்னா..." "நீங்கதான இழுங்கன்னீங்க?" பொழுதன்னிக்கும் ரெண்டு பேரும் சண்ட. பல மாசமாப் பேசாத பேச்செல்லாம் அந்தக் கரையில பேசித் தீத்தாங்க. நான் நைசா நழுவி வந்துட்டேன்.

அப்பறம் மீனும் வந்துச்சு. ஜிலேபிக் கெண்டை. எஸ்டேட்ல பழம் எடுக்கற பொம்பளைங்க, "ஸ்டெல்லா இன்னிக்கு நூலு இழுக்கற டூட்டிக்குப் போகலியா"ன்னு கிண்டல் பண்ணுவாங்க. அண்ணிக்குக் காது வரைக்கும் செவந்துடும். நாப்பது வருசம் கிட்ட அப்படியே ஓடிப்போச்சு.

இப்பல்லாம் ராடு வாங்கறது சுளுவு. போன்ல வீடியோ பாத்து, யாரு எத்தன ஸ்டார் குடுத்தாங்கன்னு பாத்து, ஆர்டர் போட்டா எங்க மலைக்கே வந்துடுது. அண்ணன் பையன் பெங்களூர்ல இருந்து ஒரு புது ரீலு அனுப்பியிருக்கான். லீவர அமுக்குனா நூலத் தானே சுத்திக்குமாம். நெசமான ஒத்தக்கை சாமான். வேற யாரும் பக்கத்துல நிக்க வேண்டியதில்ல.

டப்பா பிரிக்காம பீரோ மேல கெடக்குது.

"அத்தே, அப்பா ஏன் அதத் தொடவே மாட்டேங்கறாரு?"ன்னு பையன் எனக்கு போன் பண்ணிக் கேட்டான். நான் போயி அண்ணன்கிட்ட கேட்டேன்.

"ஸ்டெல்லாவுக்கு முட்டி வலி கொறையட்டும் அம்மிணி. அப்பறம் போலாம்"ன்னாரு.

அண்ணி இனிமே மேடு பள்ளம் ஏறி எறங்கி நடக்கக் கூடாதுன்னு டாக்டரு போன வருசமே சொல்லிட்டாரு. அப்ப பக்கத்துல உக்காந்து கேட்டதே அண்ணன்தான்.